மத்தியான வெயிலை இரவு ஏழு மணிக்குக் கொண்டுபோவது எப்படி?

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறார். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரை அணைத்துவைக்கச் சொல்லிவிட்டு, இரவானதும் எண்ணெய் எரித்து மின்சாரம் எடுப்பது என்ன நியாயம் என்பது முதலாவது. கடலும் களப்பும் வாசலில் இருக்கும் யாழ்ப்பாணத்தில் நீரை ஏற்றிவைத்தோ வேறு வழியிலோ அந்த மின்சாரத்தைப் பெரிய அளவில் சேமிக்க முடியாதா என்பது இரண்டாவது. தன் வீட்டுக்கு இப்போதே ஒரு பற்றரி வாங்கிவிடலாமா என்பது மூன்றாவது. அவருக்கு அவசரம் மூன்றாவதில்தான். அதற்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் முதல் இரண்டையும் கடந்துதான் வர வேண்டும்.

மின்வலையில் ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் பாவனையும் சமமாக இருந்தாக வேண்டும். சமநிலை குலைகிறதா என்பதைக் காட்டும் எண் அதிர்வெண். நமது நாட்டில் அது 50 ஹேர்ட்ஸ். பாவனை கூடினால் அது இறங்கும், உற்பத்தி கூடினால் ஏறும். அதிகம் விலகினால் இயந்திரங்கள் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமாகவே கழன்றுவிடும். ஒன்று கழன்றால் மிச்சத்தின் மேல் பாரம் கூடும், அடுத்ததும் கழலும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுவதும் மின்சாரம் போனது இந்த வகையான சரிவுதான். எல்லோரும் குரங்கைப் பற்றியே பேசிச் சிரித்தார்கள். குரங்கு எந்த நாட்டிலும் ஏறும். அன்று வெயில் நல்ல வெயில்; விடுமுறை நாள் என்பதால் தொழிற்சாலை, அலுவலகப் பாவனை குறைவு; பாவனையில் பெரிய பங்கைக் கூரைச் சோலார் கொடுத்துக்கொண்டிருந்தது. சுழலும் கனமான சக்கரங்கள் குறைவாக இருந்தன என்பதுதான் பேச வேண்டிய விடயம்.

நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் விசையாழியோ மகாவலியில் உள்ள விக்டோரியா நீர்மின் நிலையத்தின் விசையாழியோ பல தொன் எடையுள்ள உலோகத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. எங்கேயாவது ஒரு பழுது வந்தால் அந்தச் சுழற்சியின் உந்தம் சில நொடிகளுக்கு அதிர்வெண்ணைத் தாங்கிப் பிடிக்கும். கூரையில் இருக்கும் சோலாருக்கு அப்படி ஒரு உந்தம் இல்லை. அதனால் வெயில் கூடிய விடுமுறை நாள் மின்வலைக்கு ஆபத்தான நாளாகிவிட்டது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 2025 ஏப்ரல் 13 முதல் 21 வரை பகல் மூன்று மணிவரை கூரைச் சோலாரை அணைத்துவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. கடன் எடுத்துச் சோலார் போட்டவர்களுக்கு எரிச்சல் வந்ததில் தவறில்லை. ஆனால் அன்றைய நிலையில் மின்வலையை நடத்துபவருக்கு வேறு கைப்பிடி இருக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே சேமிப்பைப் பற்றி யோசிக்காமல் கூரைகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்துக்கொண்டு போனதுதான் குற்றம். 'சூரிய பல சங்ராமய' திட்டம் 2016இல் தொடங்கியது. வெயில் மறைந்த பிறகு என்ன செய்வது என்ற கேள்வி அன்றே எல்லோருக்கும் தெரிந்த கேள்விதான்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ஒன்று, துலா மிதித்து எவ்வளவு வேகமாக இறைக்கலாம் என்பது இன்னொன்று. மெகாவாட் என்பது இறைக்கும் வேகம். மெகாவாட் மணித்தியாலம் என்பது கிணற்றில் இருக்கும் தண்ணீர். வீட்டு மின்பட்டியலில் வரும் யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணித்தியாலம்; ஆயிரம் யூனிட் ஒரு மெகாவாட் மணித்தியாலம். செய்தித்தாள்களில் "நூறு மெகாவாட் பற்றரி" என்று மட்டும் போட்டிருந்தால் அது பாதிச் செய்தி. நூறு மெகாவாட்டை ஒரு மணித்தியாலம் தருமா, நான்கு மணித்தியாலம் தருமா என்று கேட்க வேண்டும். சேமிப்பைப் பற்றி நடக்கும் வாக்குவாதங்களில் முக்கால்வாசி இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் தீர்ந்துவிடும்: எத்தனை நேரத்துக்கு?

சில நொடிகளுக்குத் தேவைப்படும் சேமிப்பு ஒரு வகை. தெற்கு அவுஸ்திரேலியா 2016 செப்டெம்பரில் ஒரு புயலில் முழு மாநிலமும் இருளில் மூழ்கிய பிறகு, ஹோர்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட், 129 மெகாவாட் மணித்தியாலம் கொண்ட லித்தியம் பற்றரித் தொகுதியை 2017 டிசம்பரில் இயக்கியது. இயங்கி இரண்டு வாரம் ஆகும்போது, பல நூறு கிலோமீற்றர் தள்ளி விக்டோரியா மாநிலத்தில் 560 மெகாவாட் நிலக்கரி இயந்திரம் ஒன்று திடீரெனக் கழன்றது. அதிர்வெண் 49.80 வரை இறங்கியது. அதைத் தாங்கவென்று ஒப்பந்தம் செய்திருந்த நிலக்கரி நிலையம் கையசைக்குமுன்பே, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில், ஹோர்ன்ஸ்டேல் மின்சாரம் ஊட்டத் தொடங்கிவிட்டது. ஊட்டிய அளவு ஏழு மெகாவாட் சொச்சம்தான். ஆனாலும் மின்பொறியியலாளர்கள் அந்த வரைபடத்தை இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். அத்தனை வேகமாக எந்தச் சக்கரத்தையும் முடுக்க முடியாது. பாணந்துறை மாதிரியான ஒரு நாளுக்கு வேண்டியது இதுதான். இதற்குப் பெரிய கிணறு தேவையில்லை, வேகமான துலா போதும்.

நான்கு மணித்தியாலச் சேமிப்பு இன்னொரு வகை. நமது மின்கட்டணத்தில் உச்ச நேரம் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை என்று இருப்பது சும்மா போட்ட கணக்கு அல்ல. வெளிச்சம், மின்விசிறி, தொலைக்காட்சி, அரிசிக் குக்கர் எல்லாம் ஒன்றாக எழும் நேரம் அது. சூரியன் ஒரு யூனிட்டும் தராத நேரமும் அதுதான். தம்பியின் முதல் கேள்விக்கான பதில் இந்த நான்கு மணித்தியாலத்துக்குள் இருக்கிறது. மத்தியானத்தில் மிஞ்சுவதை ஆறு, ஏழு மணித்தியாலம் பிடித்துவைத்து, நான்கு மணித்தியாலத்தில் விட வேண்டும். அதற்குப் பிறகு நள்ளிரவில் பாவனை தானாக இறங்கிவிடும்.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்றில் ஓடி ஓடி மின்சாரம் தரும் காற்றாலை, சோளகம் ஓய்ந்த மாதங்களில் மந்தமாகிவிடும். அந்த மாதக்கணக்கு இடைவெளியை நிரப்புவது மூன்றாவது வகை. அதை எந்தப் பற்றரியும் தாங்காது. மகாவலி நீர்த்தேக்கங்கள் போன்றவைதான் தாங்கும்.

இனி நீரை ஏற்றிவைக்கும் யோசனை. உலகில் மின்வலைகளுக்காகப் பல பத்தாண்டுகளாக உழைத்த சேமிப்பு இதுதான். மேலே ஒரு நீர்த்தேக்கம், கீழே ஒன்று. மின்சாரம் மிஞ்சும்போது மேலே இறைப்பது, குறையும்போது கீழே விட்டு விசையாழியைச் சுழற்றுவது. நூறு யூனிட் செலவழித்தால் எழுபது முதல் எண்பது யூனிட் திரும்பக் கிடைக்கும். வேல்சில் ஒரு மலைக்குள் குடைந்து 1984இல் திறந்த டினோர்விக் நிலையம் 1,728 மெகாவாட். ஆயத்தமாகச் சுழன்றுகொண்டிருந்தால் ஏறத்தாழ பன்னிரண்டு, பதினாறு நொடிகளில் முழு வலுவுக்கு வந்துவிடும். உதைபந்தாட்டம் முடிந்ததும் நாடு முழுவதும் தேநீர்க் கேத்தலைப் போடும் வழக்கம் உள்ள ஊருக்கு அது வேண்டியிருந்தது. 1990 உலகக் கிண்ண அரையிறுதி முடிந்த கையோடு பிரித்தானியாவில் 2,800 மெகாவாட் பாவனை ஒரேயடியாக எழும்பியது. நமக்குப் பக்கத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980களின் கடைசியிலிருந்து இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில்? ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஊருக்குள் நிற்கும் பெரிய குடிநீர்த் தாங்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இருபது மீற்றர் உயரத்தில் ஐந்நூறு கன மீற்றர் தண்ணீர், அதாவது ஐந்து இலட்சம் லீற்றர். திணிவு, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 98 மெகாஜூல் வரும். அதை 3.6ஆல் பிரித்தால் 27 யூனிட். அவ்வளவுதான். மாதம் தொண்ணூறு யூனிட் பாவிக்கும் ஒன்பது வீடுகளுக்கு ஒரு நாள் காணும். விசையாழியின் இழப்பைக் கழித்தால் அதுவும் காணாது. உயர்தரப் பௌதிகவியல் படித்த எவரும் ஐந்து நிமிடத்தில் போடக்கூடிய இந்தக் கணக்கைப் போடாமல்தான் "களப்பு நீரை ஏற்றி மின்சாரம்" என்ற யோசனை நான்கு பேர் கூடும் இடமெல்லாம் திரும்பத் திரும்ப வருகிறது. நீருக்கு நம்மிடம் குறைவில்லை, உயரத்துக்குத்தான் குறை. கீரிமலைக்குப் பெயரில்தான் மலை.

கடல்நீரால் இதைச் செய்துபார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் யன்பாரு என்ற இடத்தில், கடலையே கீழ் நீர்த்தேக்கமாக வைத்து 30 மெகாவாட் நிலையம் ஒன்றை 1999இல் இயக்கினார்கள். அங்கே கடலுக்கு மேலே 136 மீற்றர் உயரம் கிடைத்தது. மேல் நீர்த்தேக்கத்திலிருந்து உப்பு நிலத்தில் இறங்காதபடி இறப்பர் விரிப்பு, அரிப்பைத் தாங்கும் குழாய்கள் என்று பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள். தொழில்நுட்பம் வேலை செய்தது. ஆனாலும் 2016இல் அதைப் பிரித்துவிட்டார்கள். நமக்கு அந்த 136 மீற்றரும் இல்லை. உப்பு இறங்கினால் அழிந்துபோகும் நன்னீர் மட்டும் நிலத்துக்கடியில் இருக்கிறது.

ஆக, மலைக்கு வேலை மலைநாட்டில். கேகாலை மாவட்டத்து அரநாயக்கப் பக்கத்தில் மகாஓயா நீரேற்று நிலையம் என்று 600 மெகாவாட் திட்டம் ஒன்று மின்சார சபையின் நீண்டகாலத் திட்டங்களில் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. அது கட்டப்பட்டால் அதன் பயன் வடக்குக்கும் வரும், ஒரே மின்வலைதானே. அதைவிட மலிவான சேமிப்பு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. விக்டோரியாவின் 210 மெகாவாட் இயந்திரங்களைப் பகலில் நிறுத்திவைத்தால் அந்த நீர் அணைக்குப் பின்னாலேயே இருக்கும். இரவு ஏழு மணிக்கு அதைத் திறந்தால், பகல் வெயிலை இரவுக்குக் கொண்டுவந்ததாகத்தான் அர்த்தம். ஒரு கூடுதல் ரூபாயும் செலவில்லை. மின்வலையை நடத்துபவர்கள் இதை முடிந்தவரை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் மகாவலி நீரின் முதல் உரிமை வயலுக்கும் குடிநீருக்கும். எப்போது எவ்வளவு விடுவது என்பதை மின்வலை மட்டும் தீர்மானிக்க முடியாது.

நிலத்துக்கடியில் காற்றை அமுக்கி வைப்பது இன்னொரு பழைய வழி. ஜேர்மனியின் ஹுன்டோர்வில் 1978 முதலும், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மக்கின்டோஷில் 1991 முதலும் இயங்குகிறது. இரண்டும் ஆழத்திலுள்ள உப்புப் படிவங்களைக் கரைத்துச் செய்த குகைகளைப் பாவிக்கின்றன. காற்றை வெளியே எடுக்கும்போது எரிவாயுவும் எரிக்கின்றன. நம்மிடம் இருப்பது உப்புப் பாறை அல்ல, சுண்ணாம்புக்கல். நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே நன்னீர், கீழே போகப் போக உவர்நீர், எங்கே எந்தக் குகை எதனோடு தொடுத்திருக்கிறது என்று சொல்ல முடியாத நிலம். குடாநாடு குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்த நீர்தான். அதற்குள் அமுக்கிய காற்றைச் செலுத்தும் யோசனையை எவராவது கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும்.

ஐதரசனைப் பற்றியும் கேட்பார்கள். காற்றாலை மின்சாரத்தில் நீரைப் பிரித்து ஐதரசன் எடுத்து, பிறகு அதிலிருந்து மீண்டும் மின்சாரம் எடுத்தால் நூறு யூனிட்டில் முப்பது, நாற்பதுதான் மிஞ்சும். கப்பலுக்கோ உரத்துக்கோ அதற்கு இடம் இருக்கலாம், மத்தியான வெயிலை இரவுக்குக் கொண்டுபோக இடமில்லை. பாரமான கட்டிகளைத் தூக்கி இறக்கும் கோபுரங்களும் அதே தாங்கிக் கணக்கில் அடிபட்டுப் போகும். சுழலும் சக்கரங்கள் நொடிகளுக்கு நல்லவை, அதற்கு மேல் இல்லை.

எஞ்சுவது பற்றரி. தொண்ணூறுகளில் டோர்ச் பற்றரிகூடக் குடாநாட்டுக்குள் கொண்டுவர முடியாத தடைப்பொருளாக இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. தேசிய மின்வலையும் போருக்குப் பிறகுதான் குடாநாட்டுக்குத் திரும்ப வந்தது. அதுவரை சுன்னாகத்து எண்ணெய் இயந்திரங்கள்தான். அப்படிப்பட்ட ஊர் இன்று மெகாவாட் மணித்தியாலக் கணக்கில் பற்றரியைப் பற்றிப் பேசுகிறது. அதைச் சாத்தியமாக்கியது விலை. லித்தியம் பற்றரிப் பொதியின் உலகச் சராசரி விலை 2010இல் ஒரு கிலோவாட் மணித்தியாலத்துக்கு ஆயிரம் டொலருக்கு மேல். 2024இல் 115 டொலர். கலிபோர்னியா 2024இல் பத்தாயிரம் மெகாவாட் பற்றரியைத் தாண்டியது. அந்த ஏப்ரலில் சில மாலைகளில், கொஞ்ச நேரத்துக்கு, அந்த மாநிலத்தின் மிகப் பெரிய மின்மூலமே பற்றரிதான்.

நம்மூர்க் கணக்கைப் பார்ப்போம். பற்றரிப் பொதியோடு, அதன் நேர் மின்னோட்டத்தை மின்வலைக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டர், குளிரூட்டி, மின்மாற்றி, அத்திவாரம் எல்லாம் சேர்த்து கிலோவாட் மணித்தியாலத்துக்கு 200 டொலர் என்று வைத்துக்கொள்வோம். டொலரை 300 ரூபாயாகப் போட்டால் 60,000 ரூபாய். பதினைந்து வருடம், 8 வீத வட்டி என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 7,000 ரூபாய் கட்ட வேண்டும். வருடத்தில் 330 நாள் ஏற்றி இறக்கினால் யூனிட்டுக்கு 21 ரூபாய். இது சேமிக்கும் கூலி மட்டும். உள்ளே போட்ட நூறில் எண்பத்தைந்து திரும்பி வரும் என்றால், இருபது ரூபாய்க்கு வாங்கிய சோலார் யூனிட் இருபத்து மூன்றரை ஆகிவிடும். கூட்டினால் நாற்பத்தைந்து ரூபாய்க்குள். மறுபக்கம், ஒரு லீற்றர் டீசலில் மூன்றரை முதல் நான்கு யூனிட் வரும். டீசல் 280 ரூபாய் என்றால் எரிபொருள் மட்டும் யூனிட்டுக்கு எழுபது, எண்பது ரூபாய். இயந்திரத்தின் விலையையும் பராமரிப்பையும் நான் சேர்க்கவே இல்லை. எண்களைக் கொஞ்சம் அங்குமிங்கும் மாற்றிப் பாருங்கள், முடிவு மாறாது. டீசலை விரட்டப் பற்றரி போதும். நிலக்கரியை விரட்டுவதற்கு இன்னும் காணாது.

இதைத் தீவுப்பகுதி ஏற்கெனவே செய்துபார்த்துக்கொண்டிருக்கிறது. எழுவைதீவில் சோலார், சிறு காற்றாலை, லித்தியம் பற்றரி, டீசல் நான்கையும் சேர்த்த சிறிய மின்வலை பல ஆண்டுகளாக இருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான திட்டம் முதலில் ஒரு சீன நிறுவனத்துக்குப் போய், இந்தியா முகம் சுளித்து, கடைசியில் 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில் ஒப்பந்தமானது. அரசியலை விட்டுவிட்டு எண்களைப் பாருங்கள். மூன்று தீவுக்கும் சேர்த்துச் சோலார் 1,700 கிலோவாட், காற்று 530 கிலோவாட், பற்றரி 2,400 கிலோவாட் மணித்தியாலம், அவசரத்துக்கு டீசல் 2,500 கிலோவாட். நல்ல வெயிலில் சோலார் முழு வலுவில் ஓடினால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அந்தப் பற்றரி நிரம்பிவிடும். அதாவது இரவு முழுவதும் தீவைத் தாங்குவதற்கான பற்றரி அல்ல அது. முகில் மறைக்கும்போதும் மாலையிலும் டீசலைக் கிளப்பாமல் சமாளிப்பதற்கான பற்றரி. காற்று இரவிலும் வீசும் என்பதால் அதையும் சேர்த்திருக்கிறார்கள். டீசல் இயந்திரம் அப்படியே நிற்கும், ஆனால் படகில் ஏற்றிப்போகும் பீப்பாய்கள் குறையும்.

குடாநாட்டுக்குப் பற்றரி வைப்பதாக இருந்தால் எங்கே வைப்பது? பெரிய முதலீட்டாளர்கள் பூநகரி மாதிரியான வெளியைத்தான் பார்ப்பார்கள். 700 மெகாவாட் சோலாரும் 1,500 மெகாவாட் மணித்தியாலப் பற்றரியும் என்று 2023இல் அங்கே ஒரு திட்டம் அமைச்சரவை வரை போனது. என்னுடைய தெரிவு வேறு. ஒழுங்கைக்குள் வாருங்கள். ஒரு மின்மாற்றியிலிருந்து ஒரு கம்பி நீண்டு போகிறது, அதன் கடைசி முனையில் ஏழெட்டு வீடுகளில் சோலார். மத்தியானம் பன்னிரண்டரைக்கு எல்லாக் கூரையும் மின்சாரத்தை வெளியே தள்ளுகிறது, ஒழுங்கையில் வாங்குவதற்கு ஆளில்லை. 230 வோல்ட், கூடக் குறைய 6 வீதம் என்பது விதி. அதாவது 244 வரை போகலாம். கடைசி வீட்டுச் சுவரில் இருக்கும் இன்வேர்ட்டரின் திரையில் எண் ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் சிவப்பு விளக்கு, இயந்திரம் தானாக நின்றுவிடும். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் தொடங்கும், மீண்டும் நிற்கும். வெயில் உச்சத்தில் இருக்கும்போது அந்த வீட்டுக்கு வருமானம் இல்லை. எங்கோ தூரத்தில் ஆயிரம் மெகாவாட் பற்றரி வைத்தாலும் இந்த வீட்டுக்கு விமோசனம் இல்லை. அந்த மின்மாற்றிக்குப் பக்கத்தில் ஒரு அலுமாரி அளவுப் பற்றரி வைத்தால் இருக்கிறது. மேலே சுன்னாகத்துத் துணைமின்நிலையம் போன்ற இடத்தில் பத்து மெகாவாட்டை நான்கு மணித்தியாலம் தரும் தொகுதி ஒன்று வைத்தால், அது நாற்பது மெகாவாட் மணித்தியாலம். இன்றைய இருபது அடிக் கொள்கலன் ஒன்றில் ஏறத்தாழ ஐந்து மெகாவாட் மணித்தியாலம் அடங்கும். எட்டுக் கொள்கலன். இடைவெளி விட்டு வைத்தாலும் ஒரு பாடசாலை மைதானத்தின் மூலை போதும்.

இடைவெளி விட்டு வைப்பது முக்கியம். 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மொஸ் லாண்டிங்கில் பற்றரி நிலையம் எரிந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்ற வேண்டிவந்தது. அங்கே நிக்கல், மங்கனீசு, கோபால்ட் கலந்த வகையைப் பழைய கட்டடம் ஒன்றுக்குள் நெருக்கி அடுக்கியிருந்தார்கள். இன்று மின்வலைகளுக்கு வாங்குவது பெரும்பாலும் இரும்புப் பொஸ்பேற்று வகை. அது இலகுவில் தீப்பற்றாது, ஆனால் பற்றவே பற்றாது என்று எவரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். நம் ஊரில் நான் கேட்கும் முதல் கேள்வி நெருப்பைப் பற்றியது அல்ல, நெருப்பை அணைக்க ஊற்றிய தண்ணீர் எங்கே போகும் என்பது. சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்ததை அனுபவித்த மக்களிடம் "ஒன்றும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டு போக முடியாது. கொள்கலன்களுக்கு அடியில் நீர் உறிஞ்சாத தளமும், வழியும் நீரைத் தேக்கும் தொட்டியும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

வெக்கையும் உப்புக்காற்றும் அடுத்த தலையிடி. லித்தியத்துக்கு இருபத்தைந்து பாகை சுகம். நமது பங்குனி, சித்திரையில் குளிரூட்டி ஓயாது. அதுவும் சேமித்த மின்சாரத்தைத்தான் தின்னும். வனேடியக் கரைசலைத் தொட்டியில் வைக்கும் ஓட்டப் பற்றரி எரியாது, நீண்டநாள் உழைக்கும். சீனாவின் தாலியனில் 2022இல் 100 மெகாவாட், 400 மெகாவாட் மணித்தியால நிலையம் தொடங்கியது. ஆனால் நாற்பது பாகைக்கு மேல் அந்தக் கரைசலில் வண்டல் இறங்கத் தொடங்கும், அதற்கும் குளிரூட்டிதான். சோடியம்-கந்தகப் பற்றரி இயங்குவதே முந்நூறு பாகைக்கு மேல் என்பதால் வெளிவெக்கையைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. அபுதாபியில் பல இடங்களில் மொத்தமாக 108 மெகாவாட் வைத்தார்கள். உப்பிலிருந்து எடுக்கும் சோடியம் அயன் பற்றரி இப்போதுதான் மின்வலைக்கு வரத் தொடங்கியிருக்கிறது. ஆனையிறவு உப்பில் பற்றரி என்று எவராவது தலைப்புப் போடும் நாள் வரும், அதை நம்பி இன்று எதையும் ஒத்திப்போட வேண்டாம்.

பற்றரியே இல்லாத சேமிப்பும் இருக்கிறது. குருநகர், பருத்தித்துறை மீன்பிடிக்கு ஐஸ் வேண்டும். ஒரு தொன் ஐஸ் கட்டிக்கு ஐம்பது முதல் எழுபது யூனிட் போகும். அதை இரவில் உறையவைப்பதற்குப் பதில் மத்தியானத்தில் உறையவைத்தால், சேமித்த மின்சாரம் கட்டியாகவே கிடங்கில் கிடக்கும். தாளையடியில் 2024இல் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளுக்கு 24,000 கன மீற்றர் தரக்கூடியது. கன மீற்றருக்கு மூன்றரை யூனிட் என்று பார்த்தால் முழு வலுவில் நாளுக்கு 84,000 யூனிட், அதாவது 84 மெகாவாட் மணித்தியாலம். மேலே சொன்ன எட்டுக் கொள்கலன் போல இரண்டு தொகுதி. அந்த நிலையத்தை அடிக்கடி நிறுத்தி ஓட்டினால் வடிசவ்வுகள் கெட்டுப்போகும் என்பது உண்மை. ஆனால் உச்ச நேர நான்கு மணித்தியாலம் மட்டும் பாதி வலுவில் ஓட்டி, பகலில் தாங்கிகளை நிரப்பிக்கொள்வது பெரிய பொறியியல் அல்ல. அதற்குத் தேவை பகலுக்கு மலிவான கட்டணம். இன்றைய நேரக் கட்டணத்தில் மிக மலிவானது இரவு 10.30இலிருந்து காலை 5.30 வரை, அது நிலக்கரிக் காலத்துக் கணக்கு. வெயில் காலத்தில் மலிவு மத்தியானத்துக்கு மாற வேண்டும். ஒரு வர்த்தமானியில் முடியக்கூடிய காரியம் இது, கொள்கலன் எதுவும் இறக்க வேண்டாம்.

இனித் தம்பியின் வீடு. உங்கள் ஒப்பந்தம் எந்த வகை என்பதை முதலில் பாருங்கள். பழைய நிகர அளவீடு என்றால், பகலில் கொடுத்த யூனிட்டை இரவில் யூனிட்டுக்கு யூனிட் திரும்ப எடுக்கிறீர்கள். மிஞ்சியது அடுத்த மாதத்துக்கு வரவு. அப்படியானால் மின்வலையே உங்களுக்கு இலவசப் பற்றரி, காசு கொடுத்து இன்னொன்று வாங்குவதில் இலாபம் இல்லை. மின்வெட்டைச் சமாளிப்பது மட்டும் நோக்கம் என்றால் மட்டுமே வாங்குங்கள். கொடுத்த யூனிட்டுக்குக் காசு வாங்கும் வகை என்றால், பகல் யூனிட்டுக்கு என்ன விலை தருகிறார்கள், உச்ச நேரத்தில் பற்றரியிலிருந்து கொடுத்தால் என்ன விலை என்று எழுத்தில் கேட்டு, மேலே நான் போட்ட கணக்கை உங்கள் எண்களோடு போட்டுப் பாருங்கள். ஒழுங்கையின் கடைசி வீடாக இருந்து உங்கள் இன்வேர்ட்டர் மத்தியானத்தில் நின்று நின்று ஓடுகிறது என்றால் கணக்கு உங்கள் பக்கம் சாயும். வீணாகப் போகும் யூனிட்டுக்கு விலை பூச்சியம்தானே.

வாங்குவதென்றால் ஈய அமிலப் பற்றரி வேண்டாம். தினமும் ஆழமாக இறக்கி ஏற்றினால் இரண்டு வருடம் தாங்காது. இரும்புப் பொஸ்பேற்று லித்தியம், ஐந்து கிலோவாட் மணித்தியாலம், நிழலான காற்றோட்டமான சுவரில். படுக்கையறையிலும் மாடிப்படிக்குக் கீழும் வேண்டாம். விற்பவரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: மின்சாரம் போனால் இந்த இன்வேர்ட்டர் வீட்டைத் தனியாகப் பிரித்து ஓட்டுமா? இப்போது உங்களிடம் இருக்கும் சாதாரண இன்வேர்ட்டர், கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிருக்காக, மின்வலை போன கணமே தானும் நின்றுவிடும்படி செய்யப்பட்டது. அதோடு பற்றரியை மட்டும் கொண்டுவந்து தொடுத்தால், வெயில் எரிக்கும் மத்தியானத்தில் பற்றரியும் சோலாரும் இருந்தும் மின்விசிறி சுற்றாது. இன்வேர்ட்டரையும் மாற்ற வேண்டும். அந்த விலையையும் சேர்த்துத்தான் விற்பவரிடம் விலைமனு வாங்க வேண்டும்.